இங்கிலாந்துக் கடிதம்: பொம்மை ரயில் கடைகள்

மாதிரி ரயில் கடை என்பது பெரியவர்களுக்குப் பொம்மை ரயில் விற்கும் கடை. இங்கிலாந்தில் இந்த வியாபாரத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இதற்கென்று மாதப் பத்திரிகைகள் உண்டு, சங்கங்கள் உண்டு, கண்காட்சிகள் உண்டு, எந்தக் காலத்திலும் தீராத சில சண்டைகளும் உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் பாகான் செராயில் ரயில் பார்க்க ஆசைப்பட்டவர் ஸ்டேஷனுக்குப் போய் நின்றால் போதும். இங்கே ஸ்டேஷனில் நின்று, அன்றைய ரயில் ரத்து என்ற அறிவிப்பைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, மாடியறையில் சொந்த ரயிலைக் குறித்த நேரத்துக்கு ஓட்டி மனத்தை ஆற்றிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

எந்த ஊரில் இருந்தாலும் கடையின் உள்ளமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். வாசலுக்கு நேரே பூட்டிய கண்ணாடி அலமாரியில் எஞ்சின்கள். பக்கச் சுவரில் தண்டவாளத் துண்டுகள், வயர்கள், பெயிண்ட் புட்டிகள். பின்கட்டில் கைமாறி வந்த பழைய சாமான். கல்லா மேசையில் முழ நீளத்துக்கு ஒரு தண்டவாளத்தைப் பொருத்தி வைத்திருப்பார்கள். விற்கும் எஞ்சினை அதில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் நரைத்த தலை ஆண்கள். வாங்கிவிட்டு உடனே கிளம்பும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அவர்களுடைய மனைவிமார் எதிர்க் கடையில் இரண்டாவது கோப்பைத் தேநீரைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

செராயிலிருந்து வருகிறவரைத் திகைக்கவைப்பது எஞ்சின் அலமாரி அல்ல, பக்கத்துச் சுவர். அங்கே புல் விற்கிறார்கள். வேனிற்காலப் புல் ஒரு பாக்கெட், இலையுதிர்காலப் புல் ஒரு பாக்கெட், காய்ந்த புல் தனியாக. நைலான் இழையைப் பொடியாக நறுக்கி, மின்னேற்றம் கொடுத்து, பசை தடவிய பலகையில் தூவினால் அது நட்டுக்குத்தலாக நின்று ஒட்டிக்கொள்ளும். மலாயாத் தோட்டத்தில் லாலாங் புல்லை வேரோடு பிடுங்கச் சொல்லிக் கூலி கொடுத்த துரைமார்களின் பேரப்பிள்ளைகள், இங்கே அதே மாதிரிப் புல்லைக் காசு கொடுத்து வாங்கி, ஒவ்வொரு கொத்தாக ஊன்றுகிறார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் சல்லிக்கல்லும் சலித்து, நிறம் பிரித்து, பாக்கெட்டில் கிடைக்கும்.

அடுத்த தட்டில் அழுக்கு. துரு ஒரு புட்டி, புகைக்கரி ஒரு புட்டி, சேறு ஒரு புட்டி. புதிதாக வந்த பெரிய நீராவி எஞ்சின் ஒன்றின் விலை இன்று 200 பவுனைத் தாண்டிவிடுகிறது. ரிங்கிட்டில் ஆயிரத்துக்கு மேல். அவ்வளவு கொடுத்து வாங்கிய பளபளப்பான எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுபோய் இந்தத் தூளை எல்லாம் பூசிப் பாழாக்குவதுதான் கைத்திறன் என்று கருதப்படுகிறது. கைவராதவர்கள் கூலி கொடுத்து அழுக்காக்கிக்கொள்ளலாம்; அதற்கும் ஆள் இருக்கிறது. ரயில்வே கேட்டைக் காத்து ஓய்வு பெற்ற மாமா ஒருவருக்குத்தான் இக்கடிதம் போகிறது. எஞ்சின் கிளீனர்களுக்குச் சம்பளம் கொடுத்த ரயில்வேயைப் பார்த்தவர் அவர். இதை நம்பமாட்டார் என்பதால் இந்தப் பத்தி சற்று நீண்டுவிட்டது.

இந்தக் கடைகளுக்குப் பிழைக்க வழி காட்டியது ஜெர்மனி. கோப்பிங்கன் நகரில் 1859இல் தொடங்கிய மார்க்லின் கம்பெனி முதலில் செய்தது பொம்மை வீட்டுக்கான தகரச் சமையல் சாமான். பொம்மை வீடு வைத்திருக்கும் சிறுமிக்கு வருடந்தோறும் ஒரு சட்டி, ஒரு கரண்டி என்று விற்றுக்கொண்டே இருக்கலாம் என்பதை அந்தக் குடும்பம் கண்டுகொண்டிருந்தது. 1891இல் லைப்சிக் சந்தையில் அதே யோசனையை ரயிலுக்குக் கொண்டுவந்தார்கள். சாவி கொடுத்தால் ஓடும் எஞ்சின், வரையறுத்த அகலத்தில் தண்டவாளம், அகலத்துக்கு ஓர் எண். இந்த வருடம் வட்டப்பாதை வாங்கியவர் அடுத்த வருடம் ஒரு கிளைப்பாதையும் அதற்கடுத்த வருடம் ஒரு ஸ்டேஷனும் வாங்கியே ஆகவேண்டும். முதல் பெட்டியை விற்பவருக்கு அதில் கிடைக்கும் லாபம் சிறிது. அதன் பிறகு நாற்பது வருடம் கிடைப்பதுதான் பெரிது.

நியூயார்க்கில் 1901இல் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் ஒரு கடைக்காரருக்குக் காட்சிப் பொருளாக ஓடும் வண்டி ஒன்றைச் செய்துகொடுத்தாராம். ஜன்னலில் வைத்திருந்த சரக்கின்மேல் கண் விழவேண்டும் என்பதற்காகச் செய்தது. வந்தவர்கள் சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலை கேட்டார்கள் என்பது லயனல் ரயிலைப் பற்றிச் சொல்லப்படும் கதை. கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும், கடைக்காரர்கள் அன்றிலிருந்து ஜன்னலில் ரயில் ஓட்டுவதை நிறுத்தவில்லை.

இங்கிலாந்தில் இதைத் தனித் தொழிலாக்கியவர் நார்தாம்ப்டன் நகரத்து டபிள்யூ. ஜே. பாசெட்-லோக். கொதிகலன் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1900இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போய், நியூரம்பெர்க் நகரின் பிங் கம்பெனி செய்த ரயில்களைப் பார்த்தார். வேலை நேர்த்தியாக இருந்தது. ஆனால் எல்லாம் ஜெர்மன் முகம். பிரிட்டிஷ் எஞ்சின்களின் வரைபடத்தைக் கொடுத்து அவர்களையே செய்யச் சொல்லி, தபால் வழியே விற்க ஆரம்பித்தார். இங்கிலாந்துப் பையன்களின் தேசபக்திக்குப் பொருள் நியூரம்பெர்க்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1908இல் லண்டன் ஹை ஹோபர்ன் சாலையில் 112ஆம் எண்ணில் கடை திறந்தார். 1914இல் போர் வந்து ஜெர்மன் சரக்கு நின்றபோதுதான் பலருக்குத் தங்கள் ரயில் எங்கே பிறந்தது என்று தெரிந்தது. பாசெட்-லோக் சாமானைப் போலவே அவருடைய வீடும் நேர்த்தி. கிளாஸ்கோவின் சார்ல்ஸ் ரென்னி மாக்கின்டாஷ் மாற்றியமைத்துக் கொடுத்த அந்த வீட்டை, டெர்ன்கேட் தெருவில் 78ஆம் எண்ணில், இன்றும் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

ஹோபர்ன் பகுதிக்கு இதில் மூத்த உரிமை உண்டு. கார்ன்வால் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த வில்லியம் ஹாம்லி 1760இல் பொம்மைக் கடை திறந்ததும் அங்கேதான். ஹாம்லீஸ் 1881இல் ரீஜன்ட் தெருவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஐந்து முறை குண்டு விழுந்தும் மூடவில்லை. பல தலைமுறை இங்கிலாந்துப் பையன்கள் முதன்முதலில் ஓடும் மாதிரி ரயிலைக் கண்டது அந்தக் கடையில்தான். 2019இல் அதை இந்தியாவின் ரிலையன்ஸ் குழுமம் வாங்கியது. சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தின் தலைநகரிலுள்ள மிகப் பழைய பொம்மைக் கடைக்கு இப்போது மும்பையில் முதலாளி. இந்தச் செய்தியைச் செராய் காப்பிக்கடையில் சொல்லும்போது விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் மதிப்பு: சுமார் 6 கோடியே 80 லட்சம் பவுன்.

பிரிட்டனில் ரயில் பொம்மை என்றதும் வாயில் வரும் பெயர் ஹார்ன்பி. ஃபிராங்க் ஹார்ன்பி லிவர்பூலில் இறைச்சி இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கிராணி. தம் பையன்களுக்காகத் துளையிட்ட தகட்டுப் பட்டைகளையும் திருகாணிகளையும் செய்துகொடுத்து, 1901இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் பிறகு மெக்கானோ ஆனது. 1920இல் சாவி ரயில் வந்தது. 1938இல் மேசைமேல் அடங்கும் ஹார்ன்பி டப்லோ வந்தது. கிராணி 1931இல் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். ஊரில் கிராணி வேலைக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்தவர்கள் கவனிக்க வேண்டிய வரலாறு இது. ஹார்ன்பி சாமான் தனிக்கடையில் மட்டும் விற்கவில்லை. சைக்கிள் கடையிலும் இரும்புச் சாமான் கடையிலும் பெரிய ஜவுளி மாளிகைகளின் மேல்மாடியிலும் விற்றது. 1964இல் ட்ரை-ஆங் முதலாளிகளான லைன்ஸ் குடும்பம் மெக்கானோவை வாங்கியது. ரயில் தயாரிப்பு லிவர்பூலை விட்டுக் கடலோர நகரமான மார்கேட்டுக்குப் போனது. 1990களில் அங்கிருந்து சீனாவுக்கு.

அளவைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் மேலே வருவது புரியாது. ஐரோப்பாவில் நடுத்தர மாதிரி ரயில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் சுரங்கங்களும் பாலங்களும் குறுகல், அதனால் பிரிட்டிஷ் எஞ்சின்களும் ஒல்லி. அன்றைய மோட்டார் அந்த ஒல்லி உடம்புக்குள் நுழையவில்லை. ஆகவே உடம்பை மட்டும் 76இல் ஒரு பங்காகப் பெருக்கி, தண்டவாளத்தைப் பழைய அகலத்திலேயே விட்டுவிட்டார்கள். 1922இல் பாசெட்-லோக் விற்ற பிங் மேசை ரயிலில் ஆரம்பித்த இந்த ஒப்பேற்று வேலை இன்றும் நீடிக்கிறது. கணக்குப்படி தண்டவாளம் 18.83 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். இரண்டேகால் மில்லிமீட்டருக்கும் மேல் குறைவதைப் பொறுக்காதவர்கள் தனிச் சங்கம் வைத்து, சக்கரம் முதல் தண்டவாளம் வரை எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்கிறார்கள். பிழையோடு வாழ்கிறவர்களை அவர்கள் கடையில் சந்திக்க நேர்ந்தால் மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஆனால் பார்வை எஞ்சினின் சக்கரத்தின்மேல் இருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த முப்பது வருடம்தான் கடைகளின் நல்ல காலம். லிவர்பூல் ஸ்மித்டவுன் சாலையில் 1946இல் நார்மன் ஹாட்டன் திறந்த ஹாட்டன்ஸ் இதில் பேர்போனது. லண்டனில் பாசெட்-லோக் கடை 1960களில் பீட்டீஸ் கைக்கு வந்தது. பீட்டீஸ் பிறகு ஊரூராகக் கிளை விட்டது. தண்டவாளம் செய்யும் பீகோ கம்பெனி 1946இல் தொடங்கி, 'ரெயில்வே மாடலர்' என்ற பத்திரிகையையும் நடத்துகிறது. அது இருப்பது டெவன் மாவட்டக் கடலோரத்தில் பீர் என்ற ஊரில். "விடுமுறையில் பீருக்குப் போனேன்" என்று இங்கிருந்து யாராவது எழுதினால், கோயில் தலைவரிடம் காட்டிப் பஞ்சாயத்து வைக்க வேண்டாம். அது ரயில் பார்க்கப் போன செய்திதான்.

அந்தக் காலக் கடைக்காரர் வெறும் வியாபாரி அல்ல. எஞ்சின் நின்றுபோனால் அங்கேயே பிரித்து, தூசி தட்டி, கார்பன் தேய்ந்திருந்தால் மாற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கையில் கொடுப்பார். சனிக்கிழமை காலையில் பள்ளிப் பையன்கள் காசை எண்ணிக்கொண்டு நிற்பார்கள். ஒரு சரக்கு வண்டி வாங்கச் சில வாரச் சேமிப்பு வேண்டும். அன்று அலமாரியின் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி நின்ற பையன், இன்று பென்ஷன் பணத்தோடு அதே எஞ்சினைக் கேட்டு வருகிறார். இந்தத் தொழிலின் பொருளாதாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். எந்த ரயில் எந்த ஊரில் எத்தனை பையன்கள் கண்ணில் பட்டதோ, அந்த ரயில்தான் ஐம்பது வருடம் கழித்து அலமாரிக்கு வரும்.

கடைக்குள் அறிமுகமும் அப்படித்தான் நடக்கிறது. மலேசியாவில் இரண்டு தமிழர் எதிர்ப்பட்டால் "எந்தத் தோட்டம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேர் கேட்பதைப் போல, இங்கே "எந்தக் கம்பெனி?" என்று கேட்கிறார்கள். 1923 முதல் 1947 வரை பிரிட்டனில் நான்கு பெரிய ரயில் கம்பெனிகள் இருந்தன: கிரேட் வெஸ்டர்ன், எல்எம்எஸ், எல்என்இஆர், சதர்ன். 1948 ஜனவரி முதல் தேதி எல்லாம் அரசுடைமை ஆயின. கேட்பவரும் சொல்பவரும் அதற்குப் பிறகு பிறந்தவர்களாக இருப்பார்கள். இருந்தாலும் கிரேட் வெஸ்டர்ன் வீட்டுப் பிள்ளை எல்என்இஆர் எஞ்சினை வாங்குவது லேசில் நடக்காது. வாங்கினாலும் வீட்டில் அலமாரிக்குப் பின்வரிசையில் வைப்பார். மலேசிய ரயில்வேயின் பேரைச் சுருக்கி 'நாங்கள் கேடிஎம்' என்று சொல்லிப் பார்த்தால் விஷயம் தெரிந்த கடைக்காரர் முகம் மலர்ந்துவிடும். ஜப்பானின் கட்ஸுமி என்ற பித்தளை மாதிரி ரயில் கம்பெனிக்கும் அதே மூன்றெழுத்து. அந்தச் சாமானுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். செராய்க்காரர் சொன்னது தஞ்சோங் மாலிம் வழியாகக் கோலாலம்பூர் போகிற கேடிஎம் என்று புரியவைப்பதற்குள் கடை மூடும் நேரம் வந்துவிடும்.

பழைய சாமான் பகுதிக்குத் தனிச் சட்டம். அங்கே எஞ்சினைவிடப் பெட்டிக்கு மரியாதை. அட்டைப்பெட்டி கசங்காமல் இருந்தால் விலை ஏறும்; கிழிந்தால் இறங்கும். காலி அட்டைப்பெட்டியை மட்டும் தனியாக வாங்குகிறவர்களும் உண்டு, தங்களிடம் உள்ள பெட்டியில்லாத எஞ்சின் குடிபுக. ஓட்டியே பார்க்காத பழைய ரயிலுக்குத்தான் உச்ச விலை. விளையாடிய பையனுக்கு நஷ்டம், விளையாடாமல் பரணில் வைத்த பையனுக்கு லாபம் என்ற இந்தக் கணக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் ஏலக்காரர்கள் யோசனை கேட்பதில்லை.

கடைகள் எப்படிக் குறைந்தன என்பது மெதுவாக நடந்த கதை. கடைத்தெரு வாடகை ஏறியது. தபாலில் விற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். பிறகு இணையம் வந்தது. கடைக்குப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து ஐந்து பவுன் குறைவாக இணையத்தில் வாங்கும் பழக்கம் வந்தது. கம்பெனிகளும் நேரடியாக விற்க ஆரம்பித்தன. முன்பு ஆயிரக்கணக்கில் அச்சுவார்த்து வருடக்கணக்கில் விற்றவர்கள், இப்போது ஒரு தடவைக்குக் கொஞ்சம் செய்து, முன்கூட்டியே பதிந்தவர்களுக்கு மட்டும் அனுப்புகிறார்கள். அறிவித்த எஞ்சின் கைக்கு வர இரண்டு வருடம் ஆவதும் உண்டு. வாடிக்கையாளரின் சராசரி வயதை நினைக்கும்போது இது துணிச்சலான வியாபாரம்தான். பல ஊர்களில் கிளை வைத்திருந்த மாடல்ஸோன் 2013இல் மூடியது. ஸ்மித்டவுன் சாலையிலிருந்து பக்கத்து விட்னெஸ் நகருக்கு மாறிப் பெரிய கிடங்கு வைத்து இணையத்திலும் வென்றதாக நினைத்த ஹாட்டன்ஸ், 2024 ஜனவரியில் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. பர்மிங்காமில் வருடந்தோறும் நடந்த வார்லி கண்காட்சியும் 2023க்குப் பிறகு இல்லை. அதை நடத்திய சங்கத்தில் பாரம் தூக்க ஆள் குறைந்துவிட்டது.

இருப்பவை இல்லாமல் இல்லை. ஷெஃபீல்டில் 1970 முதல் இயங்கும் ரெயில்ஸ் ஆஃப் ஷெஃபீல்ட், தெற்குக் கரையோரம் ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேஜ்மாஸ்டர், கார்ன்வாலில் காம்போர்ன் நகரத்துக் கெர்னோ ஆகியவை முன்வரிசை. இவை பிழைத்ததற்குக் காரணம் கடை, தபால், பழைய சாமான் வாங்கல் மூன்றையும் ஒரே கூரையில் வைத்ததுதான். பழைய சாமானுக்குப் பஞ்சமே வராது. சேர்த்தவர்கள் காலமாகிறார்கள், பிள்ளைகளுக்கு இடமில்லை, மொத்தமாகப் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. அமெரிக்காவில் உலகத்திலேயே பெரியது என்று பேர் வாங்கிய டென்வர் கபூஸ் ஹாபிஸ் 1938இல் தொடங்கி 2016இல் மூடியது. பிறகு வேறு கைகளில், சுருங்கிய பெயரில், பக்கத்து நகரில் மறுபிறவி எடுத்தது. டோக்கியோ கின்சாவில் டென்ஷோடோ என்ற கடை நகை, கைக்கடிகாரம், மாதிரி ரயில் மூன்றையும் விற்கிறது. மனைவியும் கணவனும் ஒரே கடைக்குப் போய் இரண்டு பேரும் திருப்தியாகத் திரும்ப உலகத்தில் வேறு இடம் இருக்குமா என்பது சந்தேகம். இந்தியாவில் பூனா நகரத்து ஜோஷி குடும்பம் 1998இல் திறந்த மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் உண்டு. அங்கே போவது பார்க்கத்தான்.

இந்தக் கடைகள் எதிலும் செராய் ரயில் கிடைக்காது. பேராக்கில் ரயில் புதிதல்ல. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட், அதாவது இன்றைய கோலா செப்பெத்தாங், வரை மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் முதல் தேதி ஓடியது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை ஒரே பாதை ஆனது. புக்கிட் மேரா ஏரியின் நடுவே ஓடும் பாதையைப் போல ஒரு காட்சியை இங்கே எந்த மாதிரிக் கலைஞர் செய்தாலும் கண்காட்சியில் பரிசு நிச்சயம். ஆனால் அந்த ரயிலைக் கண்ணாடியில் மூக்கு அழுத்திப் பார்த்த பையன்கள் இங்கே கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர்? அச்சுவார்ப்புச் செலவு ஈடாக ஆயிரக்கணக்கான பேர் வேண்டும். செராய், பாரிட் புந்தார், தைப்பிங் மூன்றும் சேர்ந்து பென்ஷனைத் திரட்டினாலும் ஒரு பெட்டி வார்க்கப் போதாது.

ஆகவே ஒப்பேற்றத்தான் வேண்டும். அதற்கு வழிகள் சில உண்டு. முதலாவது அகலத்தைப் பிடிப்பது. மலாயாப் பாதை ஒரு மீட்டர் அகலம். 87இல் ஒரு பங்கில் அது பதினொன்றரை மில்லிமீட்டர். கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. அதன்மேல் ஓட வருவது ஜெர்மனியின் பேமோ கம்பெனி செய்யும் சுவிட்சர்லாந்து மலை ரயில். அகலம் கச்சிதம். நெல்வயலுக்கு நடுவே சிவப்புப் பெட்டிகளோடு ஆல்ப்ஸ் ரயில் வருவதை மட்டும் பார்க்காத மாதிரி இருந்துவிடவேண்டும்.

இரண்டாவது வழி ஜப்பான். ஜேஆர் கம்பெனியின் 14ஆம் தொடர் நீலத் தூங்கும் பெட்டிகள் 2010களின் தொடக்கத்தில் மலேசியாவுக்கு வந்து, சக்கர அகலத்தைக் குறைத்துக்கொண்டு கேடிஎம் பாதையில் கொஞ்சகாலம் ஓடின. அதே பெட்டிகளை ஜப்பானியக் கம்பெனிகள் 150இல் ஒரு பங்கில், 9 மில்லிமீட்டர் பாதைக்கு, அழகாகச் செய்கின்றன. வாங்கி மேசையில் ஓட்டினால் 'இது மலேசியாவில் ஓடியது' என்று சத்தியம் செய்யலாம். பொய்யாகாது. இந்தியாவிலிருந்து குத்தகைக்கு வந்த ஒய்டிஎம்-4 டீசல்களும் மலேசியாவில் ஓடின. தமிழ்நாட்டு மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய அதே இனம். அதை அலமாரியில் தேடுவது வீண். வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் அமைந்தால்தான் உண்டு.

மூன்றாவது வழிதான் சிறந்தது, அதைக் கண்டுபிடித்ததில் ஊர்ப்பெருமையும் உண்டு. 1957இல் மலாயன் ரயில்வேக்கு இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி 26 டீசல் எஞ்சின்கள் செய்துகொடுத்தது. 1500 குதிரைத்திறன், ஆறு அச்சு, பேர் 20ஆம் வகுப்பு. சுதந்திரம் வந்த வருடத்தில் வந்த எஞ்சின்கள் அவை. மாமா பச்சைக் கொடி காட்டிய வண்டிகளில் பாதியை இழுத்தவை. அவை பிறந்த இடம் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே நியூட்டன்-லீ-வில்லோஸ் ஊரின் வல்கன் ஃபவுண்டரி. ஹாட்டன்ஸ் கடை இருந்த விட்னெஸிலிருந்து அதிகத் தூரம் இல்லை. இன்று அந்த இடத்தில் வீடுகள் நிற்கின்றன. அதே வருடம், அதே கம்பெனி, அதே தொழிற்சாலையில் பிரிட்டிஷ் ரயில்வேக்கும் ஒரு டீசலை ஆரம்பித்தது. 1000 குதிரைத்திறன், நான்கு அச்சு. 1968 வரை மொத்தம் 228 செய்தார்கள். அதற்கும் பிற்பாடு வைத்த பேர் 20ஆம் வகுப்பு. அதன் முதல் எண் கொண்ட எஞ்சினை ஹார்ன்பி டப்லோ 1958இலேயே பொம்மையாக்கிவிட்டது. இன்று பாக்மன் கம்பெனி செய்வதை எந்தக் கடையிலும் கேட்டு வாங்கலாம். இரண்டு அச்சு குறைவு, ஐந்நூறு குதிரை குறைவு, முகச்சாடையும் வேறு. ஒரே வருடத்தில் ஒரே பட்டறையில் பிறந்தவர்கள் என்பதால் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம். தூரத்துச் சொந்தத்துக்கு ஊரில் இதைவிட மெல்லிய ஆதாரமே போதுமானதாக இருந்திருக்கிறது.

வண்டி கிடைத்த பிறகு ஆட்கள் வேண்டும். 76இல் ஒரு பங்கில் ஒரு மனிதர் சுமார் 23 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மனியின் ப்ரைசர் கம்பெனி 1949 முதல் இந்தக் குட்டி மனிதர்களைச் செய்கிறது: பெட்டியோடு நிற்பவர், செய்தித்தாள் படிப்பவர், ரயிலைத் தவறவிட்டு ஓடுபவர். அவர்கள் அளவு 87இல் ஒரு பங்கு என்பதால் பிரிட்டிஷ் பிளாட்பாரத்தில் நின்றால் ஒரு சுற்று குள்ளமாகத் தெரிவார்கள். செராய் ஸ்டேஷனுக்கு அது பாதகமில்லை. வண்ணம் பூசாத பாக்கெட்டும் விற்கிறார்கள். பிரஷ்ஷும் பழுப்பு பெயிண்டும் இருந்தால் பத்தே நிமிடத்தில் எல்லோரும் நம்மவர். வேட்டிக்கு வெள்ளை. கைலிக்குக் கட்டம் போடத்தான் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது.

மாமா கேட்டிருந்த கடைசி விவரம், பேரனுக்கு இதில் ஒன்று வாங்கி அனுப்பலாமா என்பது. கடைச் சட்டப்படி முடியாது என்றே சொல்லவேண்டும். இந்த எஞ்சின் பெட்டிகள் பலவற்றில், பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பி தலைமயிர் கனம், படிக்கட்டு நகக்கண் அளவு. ஒரு தடவை கீழே போட்டால் ஆயிரம் ரிங்கிட் தரையில். பேரனுக்குச் செராயின் இரவுச் சந்தையான பசார் மாலாமில் விற்கும் பேட்டரி ரயில்தான் சரி. அது மேசையிலிருந்து விழுந்தாலும் ஓடும், ஓடாவிட்டாலும் பேரன் தள்ளுவான். 20ஆம் வகுப்பு எஞ்சின் மாமாவின் பேரில் தபாலில் வருகிறது. ஓட்ட 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் தனியாகப் பெட்டியில் இருக்கும்; இங்கத்திய பிளக்கும் அங்கத்திய பிளக்கும் ஒன்றே என்பதால் மாற்றிச் செருக எதுவும் வாங்கவேண்டாம். சுங்கத்தில் கேட்டால் பொம்மை என்று சொல்வதே நல்லது. அத்தையிடம் விலையைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.